பழைய ஜென் வாங்கப் போகிறீர்களா? பானெட்டை அப்புறம் திறவுங்கள்

வெளிநாட்டில் பெஜோ 205 ஜிடிஐ என்ற பழைய குட்டி வேகக் காரை வைத்துக் கொஞ்சுவார்கள், நமக்குக் கைக்கெட்டியது 1993இல் வந்த மாருதி ஜென். 50 குதிரைத்திறன்தானா என்று சிரிக்கலாம். ஆனால் காரே முக்கால் டன்தான், 993 சிசி அலுமினிய எஞ்சின் வேறு, ராயக்கோட்டை ரோட்டில் மூன்றாவது கியரில் நாலு வளைவு ஓட்டினால் சிரிப்பு வேறு மாதிரி வரும்.

வாங்கும்போது எல்லோரும் எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார்கள். பாடியைப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கைதேர்ந்த பழைய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், துருப்பிடித்த தரையை யாரும் பழையபடி ஆக்கித் தர முடியாது. நான் பெயிண்ட் பளபளப்பில் மயங்கி ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து டிரைவர் பக்கம் கால் வைக்கும் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. டிங்கரிங் செலவு பாதிக் கார் விலைக்கு வந்து நின்றது. அதனால் மேட், ஸ்டெப்னிக் குழி, கதவின் அடி, ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்க ஷாக் அப்சார்பர் பிடித்திருக்கும் மேல்பகுதி, எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான்.

சரி, எஞ்சின். கார்புரேட்டர் வண்டியைக் காலையில் ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று கேட்டு, என்ன பதில் வந்தாலும் வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

ஓசூர் பக்கம் கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கும். என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, 15 ஆண்டு தாண்டியதால் எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்து ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் அந்த மலிவு காணாமல் போகும். சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பின்னால் டிரம் பிரேக். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே நியூட்ரலில் உருட்டுகிற வேலையே வேண்டாம், கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். திரும்பி மேட்டில் ஏறும்போது ஏசியை அணைத்துவிடுங்கள், இருக்கிற 50 குதிரையில் அதுவும் பங்கு கேட்கும்.