நாசில் இல்லாம கப்கேக் டெகரேஷன்: சென்னை கிச்சன்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீம டிசைனா பிழியுற நாசில் செட் இல்ல, கேக்க வெச்சு சுத்துற டர்ன்டேபிள் இல்ல, அடிக்கிற பீட்டர் மெஷின் கூட இல்ல, அதனால நம்மளால கப்கேக் அலங்காரம் எல்லாம் பண்ண முடியாதுன்னு நெறைய பேர் விட்டுடுறாங்க. கப்கேக்குக்கு டர்ன்டேபிளே வேணாம், கையில புடிச்சு திருப்பினா போதும். சென்னையில கப்கேக் சொதப்புறதுக்கு காரணம் சாமான் இல்லாதது கெடையாது, சூடும் ஈரமும்தான். நாம பாக்குற வீடியோ எல்லாம் பெரும்பாலும் குளிர் ஊர்ல எடுத்தது, அவங்க ரூம் டெம்பரேச்சர்னு சொல்றது 20, 22 டிகிரி, நம்ம வீட்ல மே மாசம் மத்தியானம் கிச்சன்ல நின்னா 35ஐ தாண்டிடும், மழைக்காலத்துல சூடு கொறஞ்சாலும் காத்துல ஈரம் ஏறிக்கும். இத புரிஞ்சுக்காம அப்படியே காப்பி பண்றதுதான் எல்லா தப்புக்கும் ஆரம்பம்.

கேக் மேல போடுற ஃப்ராஸ்டிங்குக்கு பட்டரையும் பொடிச்ச சர்க்கரையும் அடிச்சு பட்டர்கிரீம் பண்ணுவோம், மொதல்ல அந்த பட்டர்லயே பாருங்க. "ஒரு மணி நேரம் வெளிய வெச்சிருங்க"ன்னு ரெசிபில போட்டிருக்கும், இங்க அப்படி வெச்சா எண்ணெய் மாதிரி வழியும், ஏன்னா பட்டர் 32லேருந்து 35 டிகிரிக்குள்ளயே உருகிடும். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து சின்ன துண்டா நறுக்கி கால் மணி நேரம் வெச்சா போதும், விரலால அழுத்துனா பள்ளம் விழணும், ஆனா விரல் வழுக்கிட்டு உள்ள போகக்கூடாது. உருகிட்டா திரும்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சு கெட்டியாக்கி அடிக்கலாம்னு பாக்காதீங்க, அந்த பழைய பதம் வராது, அத அடுத்த கேக் மாவுக்கு வெச்சுக்கிட்டு வேற பட்டர் எடுங்க.

கடையில சாதாரணமா கெடைக்கிற மஞ்ச பட்டர்ல உப்பும் இருக்கும், கலரும் சேர்த்திருப்பாங்க. சாக்லேட் ஃப்ராஸ்டிங்னா அந்த உப்பு நல்லாவே இருக்கும், வெனிலாவுக்கு தூக்கலா தெரியும். அது மட்டுமில்ல, மஞ்ச பட்டர்ல நீலம் போட்டா பச்சைதான் வரும், ரோஸ் போட்டா ஆரஞ்சு பக்கம் போயிடும், அப்புறம் கலர் சரியில்லைன்னு இன்னும் இன்னும் ஊத்துவோம். வெள்ளையா வேணும்னா உப்பில்லாத பட்டர் கேட்டு வாங்குங்க. இளமஞ்ச கலர்தான் வேணும்னா அந்த மஞ்ச பட்டரே போதும், தனியா கலர் எதுக்கு.

ஐசிங் சுகருக்காக கடைக்கு ஓட வேணாம், ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார் போட்டு மிக்ஸில நைசா அரைச்சுக்கலாம். இதுல ரெண்டு விஷயத்துல கோட்டை விடுறாங்க, ஒண்ணு சலிக்காம போடுறது, அப்புறம் நாக்குல நறநறன்னு மாட்டும். இன்னொண்ணு, மிக்ஸில அரைச்ச சர்க்கரை சூடா இருக்கும், அத ஆறவிடாம பட்டர்ல கொட்டுனா பட்டர் இளகிடும். 100 கிராம் பட்டருக்கு 200 கிராம் பொடிச்ச சர்க்கரை, ஸ்பூனால தடவுறதா இருந்தா பத்து பன்னெண்டு கப்கேக்குக்கு வரும். பீட்டர் இல்லாட்டி மரக்கரண்டியும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் போதும், கை வலிக்க பத்து நிமிஷம் அடிக்கணும், அவ்ளோதான். இளகுற மாதிரி தெரிஞ்சா உடனே ஐஸ் தண்ணி இருக்குற பெரிய பாத்திரத்துக்குள்ள இந்த பாத்திரத்த வெச்சு அடிங்க. பால் சேர்க்குறப்ப டீஸ்பூன் கணக்குல சேருங்க, ஒரேயடியா ஊத்தினா தளர்ந்துடும், அத சரிபண்ண இன்னும் சர்க்கரை, அப்புறம் வாயில வைக்க முடியாத இனிப்பு.

கிரீம் வேணும்னு சொல்றவங்க கவனிங்க. டப்பாவுல வர்ற ஃப்ரெஷ் கிரீம்ல கொழுப்பு 25 சதவீதம்தான், அத எவ்ளோ நேரம் அடிச்சாலும் நிக்காது, நிக்கிறதுக்கு குறைஞ்சது 30 சதவீதமாவது வேணும், அதனால விப்பிங் கிரீம்னு போட்டிருக்கறதத்தான் வாங்கணும். பேக்கரில யூஸ் பண்ற, தாவர எண்ணெய்ல செய்யுற நான்-டெய்ரி கிரீம்ல ஏற்கனவே இனிப்பு இருக்கும், ருசி பாக்காம சர்க்கரை சேர்க்காதீங்க. எதுவா இருந்தாலும் பாத்திரத்தையும் விஸ்க்கையும் கால் மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்சிட்டு அடிங்க, தூக்குனா நுனி நிக்குதா, அங்கயே நிறுத்திடுங்க, இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்னு அடிச்சீங்கன்னா திரிஞ்ச மாதிரி ஆகி, டெய்ரி கிரீமா இருந்தா கடைசில வெண்ணெயே வந்துடும்.

ஆனா நான் மனசார சொல்றேன், ஏசி இல்லாத ஹால்ல மத்தியான பர்த்டேன்னா கிரீம் பக்கமே போகாதீங்க, கனாஷ் பண்ணுங்க, அதாவது சூடான கிரீம்ல சாக்லேட்ட கரைச்சு பண்ற பூச்சு. கிரீமுக்கு ஆகாதுன்னு சொன்னேனே அந்த 25 சதவீத ஃப்ரெஷ் கிரீம் இதுக்கு கரெக்டா இருக்கும். 200 கிராம் டார்க் காம்பவுண்ட் சாக்லேட்ட (கொக்கோ வெண்ணெய்க்கு பதிலா வேற தாவர கொழுப்பு சேர்த்தது) பொடியா நறுக்கிக்கோங்க, 100 கிராம் கிரீம ஓரத்துல குமிழ் வர்ற வரைக்கும் மட்டும் சூடு பண்ணி அது மேல ஊத்தி ரெண்டு நிமிஷம் தொடாம விட்டுட்டு கலக்குங்க. இளகலா இருக்கும்போதே கப்கேக்க தலைகீழா புடிச்சு முக்கி, ஒரு சுத்து சுத்தி தூக்குனா பளபளன்னு கடையில வாங்குன மாதிரி இருக்கும், இதுக்கு எந்த சாமானும் வேணாம். வெளிநாட்டு ரெசிபில கிரீமும் சாக்லேட்டும் சம அளவு போட்டிருக்கும், நம்ம சூட்டுக்கு அது வழியும், ரெண்டுக்கு ஒண்ணு போடுங்க. சாக்லேட்ட மட்டும் தனியா உருக்கினா ஆவித்தண்ணி ஒரு சொட்டு கூட உள்ள விழக்கூடாது, விழுந்தா மண்ணு மாதிரி இறுகிடும்.

அடுத்தது பொறுமை. கேக் உள்ளங்கைக்கு சூடே தெரியாத அளவுக்கு ஆறணும், மேல தொட்டா ஆறின மாதிரி இருக்கும் ஆனா அடியில கதகதப்பு நிக்கும், அந்த கதகதப்புலயே ஃப்ராஸ்டிங் சரிய ஆரம்பிச்சிடும். ஃபேனுக்கு கீழ ஜல்லடை மேல வெச்சா ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துல ஆறிடும். ட்ரேயிலயே விட்டாலோ சூட்டோட டப்பால போட்டு மூடினாலோ அடியில வேர்த்து பேப்பர் கப் உரிஞ்சு வந்துடும். மாவ கப்புல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, அப்பதான் மேல ரொம்ப உப்பாது, அப்படியும் கூம்பா எழும்பிட்டா கத்தியால சமமா சீவிடுங்க, சாய்வான மேட்டுல எந்த ஃப்ராஸ்டிங்கும் உக்காராது.

ஃப்ராஸ்டிங்க பிழியுற பைப்பிங் பேக்குக்கு பதிலா நல்ல கெட்டியான புது ஜிப்லாக் கவர் போதும், பட்டர் பேப்பர்ல மெஹந்தி கோன் சுத்தத் தெரிஞ்சவங்களுக்கு அதுவும் வேணாம். பால் கவர கழுவி யூஸ் பண்றது வேணாங்க, அந்த வாடை போகாது. கவர ஒரு டம்ளர்க்குள்ள விட்டு வாய ஓரத்துல மடிச்சு விட்டுக்கிட்டா ஒரு கையாலயே நெரப்பலாம். பாதிக்கு மேல நெரப்பாதீங்க, நடுவுல புடிச்சு அமுக்காதீங்க, மேல முறுக்கி அந்த எடத்துலேருந்து அமுக்கணும், கை சூடு எவ்ளோ கம்மியா படுதோ அவ்ளோ நல்லது. ரெண்டு கவரா நெரப்பி ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும், மாத்தி மாத்தி எடுத்துக்கலாம். மூலைய மொதல்ல சின்னதா வெட்டுங்க, பெருசாக்க எப்ப வேணா முடியும். நுனிய தட்டையா அமுக்கி வி வடிவத்துல வெட்டுனா இலை வரும். முள்ளு முறுக்கு பிழியுற அச்சுல கூட கெட்டியான பட்டர்கிரீம பிழியலாம், ஆனா அச்ச சோப்பு போட்டு எண்ணெய் வாசனை போக கழுவி, சுத்தமா காயவெச்சிருக்கணும். இதெல்லாம் எதுவும் வேணாம்னா ஸ்பூனோட பின்பக்கத்த வெச்சு ஒரு சுழி சுழிச்சு விடுங்க, எனக்கு அதுதான் ரொம்ப புடிக்கும், வீட்ல செஞ்சதுன்னு பாத்தவுடனே தெரியும்.

கலர் விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லணும். 2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாய்க்கு தடை போட்டாங்க, மெரினாவுல எடுத்த சாம்பிள்ல ரோடமைன் பி இருந்துச்சு, அது துணிக்கு போடுற சாயம். அதனால லேபிள் இல்லாம பொட்டலத்துல விக்கிற கலர்ப்பொடிய தொடாதீங்க, உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட 14 இலக்க லைசென்ஸ் நம்பர் பாத்து வாங்குங்க. தண்ணியா இருக்குற கலர விட ஜெல் நல்லது, ஒரு டூத்பிக் நுனில எடுத்தா போதும். பட்டர்கிரீம்ல கலர் வெச்ச உடனே வெளுப்பாத்தான் தெரியும், ஒரு மணி நேரம் போனா தானா அழுத்தமாகும், இது தெரியாம சேப்பு வரலியேன்னு கொட்டிக்கிட்டே போனா கசக்கும். பீட்ரூட் சாற அப்படியே ஊத்தினா ஃப்ராஸ்டிங் தளர்ந்துடும், சுண்டக் காய்ச்சி ஆறவெச்சு ஒரு ஸ்பூன் சேருங்க, அழகான ரோஸ் கெடைக்கும்.

மேல தூவுற ஸ்ப்ரிங்கிள்ஸ், கலர் மிட்டாய் எல்லாம் ஈரத்துல சாயம் விடும், சாப்பிட எடுத்து வைக்கிறப்ப போட்டா போதும். டூட்டி ஃப்ரூட்டி, மாதுளை, அன்னாசி எல்லாத்தையும் டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு வைங்க. தேங்காய் தூவணும்னா உலர்ந்த துருவல், பச்ச தேங்கா இந்த சூட்டுல சீக்கிரம் கெட்டுடும். கிளிட்டர் டப்பாவுல நச்சில்லாததுன்னு போட்டிருந்தா அது சாப்பிடுறதுக்குன்னு அர்த்தமில்ல, சாப்பிடக்கூடியதுன்னு தெளிவா போட்டிருக்கணும். பூ வைக்கிற ஆசை இருந்தா மார்க்கெட் பூ வேணவே வேணாம், மருந்து அடிச்சிருப்பாங்க, மாடில மருந்தே அடிக்காம வளர்த்த ரோஜாவோட இதழ்னா பரவால்ல. அரளி கிட்டயே போகாதீங்க, அது விஷம், கேக்குல பட்டாலே ஆபத்து. சின்ன புள்ளைங்க சாப்பிடுற கேக்குல டூத்பிக், குண்டூசி குத்தின பொம்மை எதுவும் இருக்கக்கூடாது.

கடைசியா ஃப்ரிட்ஜ். ஜில்லுன்னு இருக்குறத வெளிய எடுத்தா நம்ம ஊர் காத்துல உடனே வேர்த்து மேல தண்ணி கோர்த்துக்கும், கலர் ஓடும். அதனால டப்பாவ மூடினபடியே வெளிய எடுத்து வெச்சு இருபது நிமிஷம் கழிச்சு தொறங்க, வேர்க்குற தண்ணி டப்பா மேலயே நின்னுடும், கேக்கும் அதுக்குள்ள மெத்துன்னு ஆயிடும். கிரீம் கேக்குனா அவ்ளோ நேரம் விடாதீங்க, அஞ்சு நிமிஷம் போதும். வேளச்சேரிலேருந்து தாம்பரம் வரைக்கும் பைக்ல எடுத்துட்டு போறதா இருந்தா கனாஷ் போட்டதுதான் தாங்கும், அதையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு இறுக விட்டுட்டு, அகலமான முறுக்கு டின்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கி, நடுவுல இருக்குற சந்துல டிஷ்யூவ சுருட்டி சொருகி, காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடியே கெளம்பிடுங்க.