மதத்தைத் தாண்டித் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மதத்தில் நம்பிக்கை போய்விட்டது, ஆனாலும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது" என்று சொல்பவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். இருபத்தாறு வயதில் நானும் இதையேதான் சொன்னேன். அதன் பிறகு நான் பட்ட பாட்டில் பாதி, தவிர்த்திருக்கக் கூடியது.

விட்டு விலகியதையே பாதை என்று நினைத்துக்கொண்டதுதான் முதல் தவறு. கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். விபூதி பூசுவதை நிறுத்தினேன். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று வாதம் செய்வேன். "சரிப்பா, நீ கும்பிட வேண்டாம். என்னைக் கும்பிட விடேன்" என்று ஒருநாள் சொன்னார். மறுத்துப் பேசுவதில் ஒரு சூடு இருக்கிறது, அது தேடலைப் போலவே தோன்றும். ஆனால் ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது என் கையில் ஒன்றுமே இல்லை.

வள்ளலாரை நான் சரியாகப் படித்தது இதற்கெல்லாம் பிறகுதான். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி அவர் ஆற்றிய பேருரையில், சமயங்களின் மேல் லட்சியம் வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே உரையில், ஒரு காலத்தில் சைவத்தின் மேல் தனக்கு இருந்த பற்றுக்கு அளவே கிடையாது, தன் பாடல்களே அதற்குச் சாட்சி என்றும் ஒப்புக்கொண்டார். அப்போது தனக்கு அறிவு அற்பமாக இருந்தது என்றார். தன்னை மேலே தூக்கிவிட்டது தயவு, அதாவது இரக்கம், என்றார். கடந்து வந்ததை அவர் மறைக்கவில்லை, அதிலேயே நின்றுவிடவும் இல்லை.

ரமணர் கதையும் இப்படித்தான். 1896இல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் திடீரென்று மரண பயம் வந்து, "சாவது எது?" என்று தனக்குள்ளேயே பார்த்தார். அங்கே குருவும் இல்லை, சடங்கும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, முன்பு எப்போதாவது போய்வந்த மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அடிக்கடி போய் அறுபத்து மூவர் முன்னால் கண்ணீர் விட்டு நின்றார். உள்ளே ஒன்று திறந்தால் வெளியே எதையும் வெறுக்கத் தேவையில்லாமல் போகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த தவறு, என் காசையும் இரண்டு வருடத்தையும் தின்றது. பூசாரி வேண்டாம் என்று வந்தவன் ஒரு குருவிடம் போய் விழுந்தேன். முதல் வகுப்பு இலவசம். அப்புறம் "அடுத்த நிலை", அதற்கு ஒரு கட்டணம். அதற்கும் மேல் இன்னொரு நிலை. மூன்றாவது தடவை நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டினேன். சந்தேகம் கேட்டபோது, "இது உங்கள் அகங்காரம் கேட்கும் கேள்வி" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்க வேண்டும். கேள்வியையே குற்றமாக்கும் இடத்தில் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.

ஜே. கிருஷ்ணமூர்த்தி இந்த விஷயத்தில் செய்தது சாதாரணமானதல்ல. 1909இல் சிறுவனாக இருந்த அவரை பிரம்மஞான சபைக்காரர்கள் (தியோசாபிகல் சொசைட்டி) அடையாறு கடற்கரையில் கண்டெடுத்து, உலக குருவாக ஆகப்போகிறவர் என்று வளர்த்தார்கள். அவருக்காகவே 1911இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தில் ஓமன் என்ற ஊரில், கூடியிருந்த மூவாயிரம் பேருக்கு முன்னால் அந்தச் சங்கத்தைக் கலைத்தார். உண்மையை எந்த அமைப்பாலும் கொண்டு சேர்க்க முடியாது என்றார். ஆனால் அவர் பேச்சையே வேதவாக்காக வைத்துக்கொண்டு, அடுத்தவர் வாயை அடைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். குரு வேண்டாம் என்று சொன்னவரையும் குருவாக்கிவிடும் பழக்கம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

குருவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. காசு எப்படி வாங்குகிறார்கள், கேள்வி கேட்டால் என்ன ஆகிறது, நாளைக்கே விலகினால் யாராவது மிரட்டுவார்களா, வீட்டாரிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாமில் கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள். ரமணர் முறையான தீட்சை என்று யாருக்கும் கொடுத்ததில்லை. காசில்லாமலும் இது நடக்கும்.

பலவற்றைக் கலந்து செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பிராணாயாமம், மதியம் செயலியில் ஜென், ராத்திரி சூஃபி இசை. எதுவும் கெட்டதல்ல. ஆனால் ஒரு பயிற்சி சலிக்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் நம்மைப் பற்றி ஏதாவது தெரியவரும், அந்த இடத்தில்தான் நாம் அடுத்ததற்குத் தாவுகிறோம். ஆறு மாதமாவது ஒன்றில் இருங்கள்.

அனுபவத்தைத் துரத்துவது இன்னும் ஆபத்தானது. நெற்றியில் ஒளி தெரிந்தது, முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது என்று பேச ஆரம்பித்தால், அது வராத நாளெல்லாம் வீணாகத் தோன்றும். தியானம் எல்லோருக்கும் எப்போதும் அமைதிதான் தரும் என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்தவர்களுக்கு வந்த பயம், பீதி, தூக்கமின்மை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. தீவிர மனநோய் இருப்பவர்கள் வர வேண்டாம் என்று விபாசனா மையங்களே சொல்கின்றன. தூக்கம் கெட்டால், இல்லாத குரல் கேட்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். "இதுவும் ஒரு கட்டம்தான், தாண்டிவிடுவாய்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று, வலியைத் தத்துவத்தால் மூடுவது. என் நண்பர் ஒருவர் அப்பா இறந்த மூன்றாம் நாளே "உடம்புதானே போச்சு" என்று சிரித்தார். எல்லோரும் பக்குவம் என்றார்கள். எட்டு மாதம் கழித்துச் சாலையில் யாரோ ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டுவதைப் பார்த்து உடைந்து போனார். 1980களில் ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஸ்பிரிச்சுவல் பைபாஸிங் என்று பெயர் வைத்தார். அழ வேண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு புறவழிச்சாலையில் போய்விடுவது. வேட்டி கட்டிய அந்தப் பெரியவர் எங்காவது எதிரே வந்துவிடுவார்.

கடைசியாகச் சொல்வது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. மதத்தை விடும்போது நம்பிக்கையோடு ஆட்களும் போய்விடுகிறார்கள். கோயில் என்றால் சாமி மட்டுமல்ல. திருவிழாவில் பந்தி பரிமாறும் கைகள், சாவு வீட்டில் கேட்காமலே வந்து நிற்பவர்கள், எல்லாம் அதில் சேர்த்தி. தனியாகத் தேடப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. சில வருடங்களில் நான் நிறையப் படித்தவனாகவும், யாருக்கும் எதுவும் செய்யாதவனாகவும் ஆகியிருந்தேன்.

வடலூரில் வள்ளலார் எதை முதலில் தொடங்கினார் என்பதைக் கவனித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. சத்திய ஞான சபையில் ஜோதி வழிபாடு தொடங்கியது 1872 தைப்பூசத்தில். பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலை அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1867இல் வந்துவிட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சமயத்தைக் கடக்கச் சொன்னவர் முதலில் கட்டியது சமையற்கட்டு. ரமணரும் ஆசிரமத்தில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார்.

இப்போது காலையில் இருபது நிமிடம் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். மாதம் ஒரு ஞாயிறு, அரசு மருத்துவமனைக்கு வெளியே சாப்பாடு கொடுக்கும் குழுவோடு போகிறேன். அதில் பூணூல் போட்டவர் இருக்கிறார், தொழுகை நேரம் பார்த்துக் கிளம்புகிறவர் இருக்கிறார், எதிலும் சேராத நான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கை நான்தான் தேய்த்துக் கொடுக்கிறேன், அம்மாவுக்குக் கை வலி.