ஏற்காட்டு காபி இலையின் ஜீன்களுக்குப் பாதை வரைபடம் போடுவது எப்படி?

சேர்வராயன் மலைத் தோட்டத்து அராபிகா இலையிலிருந்து ஆர்.என்.ஏ. வரிசைகளை அசெம்பிள் செய்து (துண்டுகளைக் கோத்து) ஃபாஸ்டா என்ற உரைக் கோப்பாக வைத்திருக்கிறீர்களா? எந்த ஜீன் எந்த வேதிவினைத் தொடரில் வேலை செய்கிறது என்று காட்டுவதே பாதை வரைபடம். அதற்கு கெக் (KEGG) என்ற ஜீன் தரவுத்தளத்தின் கருவிகள் போதும். முதலில், தெரிந்த ஜீன்களோடு ஒப்பிட்டு அடையாளம் சொல்லும் காஸ் (KAAS) கருவி.

வரிசையை ஒட்டி, நியூக்ளியோடைட் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். மறந்தால் அதைப் புரதம் என்று எடுத்துக்கொண்டு குப்பையைத் தரும். ஒப்பிடும் உயிரினங்களில் தக்காளி, திராட்சை, அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) இருக்கட்டும்; இந்த மூன்றில் தக்காளிதான் காபிக்கு நெருங்கிய உறவு. ஒப்பிடும் முறையில் எஸ்.பி.எச். (SBH, ஒருபுறப் பொருத்தம்) போடுங்கள். இன்னொரு முறையான பி.பி.எச். (BBH) இருபுறமும் பொருந்தினால்தான் ஏற்கும். அது முழு ஜீனோமுக்கானது, உங்களிடம் இருப்பதுபோன்ற அரைகுறை டிரான்ஸ்கிரிப்டோமில் (ஆர்.என்.ஏ. தொகுப்பில்) பலவற்றைத் தவறவிடும்.

மின்னஞ்சலில் வரும் இணைப்பைச் சொடுக்கினால்தான் வேலை வரிசையில் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

முடிவில் ஒவ்வொரு ஜீனுக்கும் ஆங்கில K எழுத்தும் 5 இலக்கமும் கொண்ட எண் கிடைக்கும். அந்தப் பட்டியலை கெக் மேப்பர் என்ற வரைபடக் கருவியின் ரீகன்ஸ்ட்ரக்ட் பகுதியில் போட்டு, காஃபின் வரைபடமான 00232-ஐத் திறங்கள். காஃபினை உருவாக்கும் என்சைமான காஃபின் சிந்தேஸின் எண் 2.1.1.160. காபியில் இதற்கு முந்தைய படிகளின் மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ்களும் (மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் என்சைம்களும்) ஏறக்குறைய ஒரே சாயல். ஆகவே வரைபடத்தில் அந்த என்சைமின் பெட்டி நிறம் மாறியதை மட்டும் நம்பாமல், அந்த வரிசையைத் தனியாக பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடல் கருவியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேப்பர் தரும் பாதைப் பட்டியலில் மனிதரின் பார்க்கின்சன் நோய்ப் பாதையும் வரும். இலைக்கு நடுக்கம் வந்துவிடவில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் ஜீன்கள் பல செடிக்கும் மனிதருக்கும் பொது. மனித நோய்ப் பகுதியை அப்படியே நீக்கிவிடுங்கள்.