நகையின் எடை எழுதிய பழைய சீட்டில் உள்ள தோலாவைக் கிராமாக மாற்றுவது எப்படி?

மும்பையில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்களில், ஊரிலிருந்து கொண்டுவந்த நகைக்குப் பவுன் கணக்கும் இங்கே வாங்கிய நகைக்குத் தோலாக் கணக்கும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. பாகம் பிரிக்கும்போதோ பழைய நகையை மாற்றும்போதோ இவ்விரண்டையும் கிராமில் எழுதிக்கொண்ட பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தோலா என்பதுதான். ஆங்கிலேயர் காலத்தில் 180 கிரெய்ன் (அவர்களுடைய சிறு எடை அளவு) என்று நிலைபெற்ற தோலா, 11.664 கிராம் எடையுள்ளது. இன்றைய கடைப்பேச்சிலோ பத்து கிராமையே தோலா என்று சொல்லிவிடுகிறார்கள். பத்து தோலா என்று எழுதியிருந்தால், முதல் கணக்கில் 116.64 கிராம், இரண்டாவது கணக்கில் 100 கிராம். இடையே நழுவுவது இரண்டு பவுனுக்கும் மேல். ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய இரண்டு பவுன் சொல்லின் மயக்கத்தில் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

சீட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். மெட்ரிக் அளவைகள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆகவே அதற்கு முந்தைய சீட்டென்றால் பழைய தோலா என்றே கொள்ளலாம். பிந்தைய ரசீதில் தோலாவும் கிராமும் சேர்ந்து இருந்தால், கிராமைத் தோலாவால் வகுத்தாலே விடை தெரிந்துவிடும். நகையே கையில் இருந்தால் தராசை விடச் சிறந்த சாட்சி இல்லை.

தோலாவுக்குக் கீழே 12 மாஷா, ஒரு மாஷாவுக்கு 8 ரத்தி. ஆக, மாஷா 0.972 கிராம், ரத்தி 0.1215 கிராம். என் மாமியாரின் சுருக்குப்பையில், மஞ்சள் படிந்து மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த 1951-ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் 7 தோலா, 5 மாஷா, 4 ரத்தி என்று எழுதியிருந்தது. தோலாவுக்கு 81.648, மாஷாவுக்கு 4.860, ரத்திக்கு 0.486, கூட்டினால் 86.994 கிராம். எட்டால் வகுத்தால் 10.87 பவுன். பத்து கிராம் தோலாவாகக் கொண்டிருந்தால் 74.58 கிராம்தான் தேறியிருக்கும்.

ரத்தி என்பது நம் குண்டுமணியேதான். மராத்தியில் அதைக் குஞ்ச் என்பார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்று வரும் கணக்கும் இதே சிவப்பு விதையில்தான் தொடங்குகிறது. ஆனால் வீட்டில் உள்ள குண்டுமணியை வைத்து நிறுக்க வேண்டாம்: விதைக்கு விதை எடை மாறும், அதன் பருப்பும் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. ராசிக்கல் கடையில் சொல்லும் ரத்தி இதைவிடக் கனமானது. அந்தக் கணக்கைத் தங்கத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

பவுன், சவரன் இரண்டும் இன்று 8 கிராம். சீட்டில் ‘பவுன் காசு’ என்று நாணயத்தைக் குறித்திருந்தால், அந்த ஆங்கிலேய நாணயத்தின் எடை 7.988 கிராம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜவேரி பஜாரிலோ வேறெங்கோ நகையை நிறுக்கக் கொடுக்கும்போது, தட்டு வெறுமையாக இருக்கையில் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கல், அரக்கு உள்ள நகையானால் மொத்த எடையையும் அவற்றைக் கழித்த தங்க எடையையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். பழைய சீட்டு பெரும்பாலும் மொத்த எடையைத்தான் சொல்லும். எடை குறைந்ததாகத் தோன்றும் பல இடங்களில் காரணம் இதுவே.

வெள்ளிப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் ‘ரூபாய் எடை’ என்பார்கள். பழைய வெள்ளி ரூபாய் ஒன்று சரியாக ஒரு தோலா இருந்ததால் வந்த வழக்கு அது. 40 ரூபாய் எடைக் குத்துவிளக்கு என்றால் 466.6 கிராம். அந்த ரூபாய் நாணயத்தில் எடை இவ்வளவு என்பதால் வெள்ளியும் அவ்வளவு என்று கொள்ள முடியாது: 1940-க்கு முந்தைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதன் பின் 1945 வரை வந்ததில் பாதிதான். பெட்டியில் அத்தகைய ரூபாய்கள் இருந்தால் ஆண்டு வாரியாகப் பிரித்த பிறகு நிறுங்கள்.