குளிருக்கு ஸ்னோமொபைல் கார்புரேட்டரை அமைக்கும்போது நடக்கும் தவறுகள்

கடுங்குளிரில் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) வழக்கத்தைவிடச் சீறிக்கொண்டு ஓடும். பலர் ஏமாறுவது அங்கேதான். மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் காற்று, 0 டிகிரி காற்றைவிட ஏறத்தாழ 12 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆக்ஸிஜன் அதே அளவுக்குக் கூடுகிறது. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரோ அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டித் தருவதில்லை. கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போகிறது; பிஸ்டனின் தலை சூடேறுகிறது. உருகிப்போவதற்குச் சற்று முன்புதான் இன்ஜின் மிக நன்றாக இழுக்கும். எனவே 'நல்லாத்தானே ஓடுது' என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஐடிலிங்கில் ஏர் ஸ்க்ரூவைத் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருப்பிச் சீராக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை. பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் த்ராட்டில் கால்வாசி திறக்கும்வரைதான் பேசும். அங்கிருந்து முக்கால்வரை, த்ராட்டிலோடு ஏறி இறங்கும் கூர் ஊசியான நீடிலின் ஆட்சி. அதற்கு மேல் எல்லாம் மெயின் ஜெட். உறைந்த ஏரியில் முழு த்ராட்டிலில் நெடுந்தூரம் போகிறவருக்கு மெயின் ஜெட் சிறியதாக இருந்தால், ஐடிலிங் எவ்வளவு சீராக இருந்தும் பயனில்லை. காட்டுப் பாதையில் பாதி த்ராட்டிலிலேயே ஓட்டுகிறவர் நீடிலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

திசை குழம்புவதும் சகஜம். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து, பெட்ரோல் கூடி, கலவை ரிச் ஆகும். மிக்குனி வி.எம். வகைக் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன்.

உயரத்தை மறப்பது இன்னும் ஆபத்து. மலைமேல் காற்று மெலிந்திருப்பதால் அங்கே சிறிய ஜெட் போடுவார்கள். அதே ஜெட்டோடு குளிர்ந்த சமவெளிக்கு இறங்கினால், உயரம் குறைந்ததும் குளிரும் சேர்ந்து கலவையை லீன் ஆக்கும். தயாரிப்பாளர் தரும் ஜெட் அட்டவணையில் வெப்பநிலை, உயரம் இரண்டுமே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே சந்தேகம் வந்தால் பெரியதைப் போடுங்கள். ரிச் ஆனால் பிளக் கரிபிடிக்கும், அவ்வளவுதான். லீன் ஆனால் பிஸ்டனே போய்விடும்.

பழைய பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பதும், ஐடிலிங்கில் நிறுத்திவிட்டுப் பார்ப்பதும் வீண். புதுப் பிளக் போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டி, அதே வேகத்தில் இன்ஜினை அணைத்துப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் லீன்; கறுத்து ஈரமாக இருந்தால் ரிச். பிளக்கைவிடப் பிஸ்டன் தலையையே நான் நம்புவேன். பெட்ரோல் பட்டு ஓரங்களில் கரி கழுவப்பட்ட திட்டுகள் தெரிய வேண்டும். அவை இல்லையென்றால் லீன்.

ஜெட்டைத் தொடும் முன், கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் இணைப்புகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். அதன் வழியே புகும் காற்றை எந்த ஜெட்டும் சரிசெய்யாது. இரட்டைக் கார்புரேட்டரில் இரு ஸ்லைடும் (த்ராட்டில் கொடுக்கும்போது மேலெழுந்து காற்றுவழியைத் திறப்பவை) ஒரே நேரத்தில் எழ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கலவை கிடைக்காது.

சோக்கை இழுத்துவைத்து ரிச் ஆக்கலாம் என்ற யோசனை வேண்டாம். அது த்ராட்டில் மூடியிருக்கும்போது மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும்.

ஜெட் சரியாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்தவுடன் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். குளிர்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் மட்டும் முந்திச் சூடாகி விரிந்தால் இறுகிச் சிக்கி சீஸ் ஆகிவிடும்.