லேசான பெட்டி வாங்குகிறீர்களா? கவிழ்த்துப் பார்த்தீர்களா?

திருச்சியில் பெட்டி, பை ரிப்பேர் கடை வைத்து 14 வருடம் ஆகிறது. அதற்கு முன் சிங்கப்பூரில் நாலு வருட வேலை. பெட்டியை உடைக்கிற வேலையை முதலில் செய்துவிட்டு, ஒட்டுகிற வேலைக்கு அப்புறம் வந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறை வந்தால் கடையில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். அப்பா காலத்துச் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். கைப்பிடி மட்டும் மாற்றினால் போதும் என்பார். தராசில் வைத்தால் வெறும் பெட்டியே 6 கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்றால் சாமானுக்கு மிஞ்சுவது 17. உள்நாட்டு விமானத்தின் 15 கிலோ கணக்கில் இன்னும் மோசம், 9 கிலோதான். “இதை விட்டுவிட்டு 3 கிலோவில் ஒன்று வாங்குங்கள்” என்று நானே சொல்லி அனுப்புவேன். ஆறு மாதத்தில் அவரே திரும்பி வருவார், புதுப் பெட்டியோடு. நான் 2008-இல் செய்த அதே தவறைச் செய்திருப்பார்.

வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள், பவர் பேங்கைப் பெட்டிக்குள் போடாதீர்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்டி வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் நடக்கிற மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மிச்சம் பிடித்த எடைக்குப் பெரிய பெட்டி

3 கிலோ மிச்சமானதும் உடனே 29, 30 அங்குலப் பெட்டி பக்கம் கை போகும். காலி இடம் இருந்தால் நம் ஆட்கள் விடுவார்களா? முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் ஒரு சந்து தெரிந்தால் அங்கே பருப்புப்பொடிப் பொட்டலம் ஒன்று நுழைந்துவிடும். கவுன்டரில் 29 கிலோ காட்டும். அப்புறம் தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு ஊறுகாய் பாட்டிலை எடுப்பதா, மாமியார் கொடுத்த அரிசி மாவை எடுப்பதா என்று பஞ்சாயத்து. நானும் சாங்கி விமான நிலையத்தில் அப்படி உட்கார்ந்தவன்தான். மைலோ டின்னும் கோடாலித் தைலமும் கைலியும் தரையில் பரவிக் கிடக்க, பின்னால் வரிசையே வேடிக்கை பார்த்தது.

இன்னொன்று, பெரும்பாலான விமான நிறுவனங்களில் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. வெளியே துருத்தும் சக்கரமும் அந்தக் கணக்கில் சேரும். கடைச் சீட்டில் எழுதியிருப்பது பல நேரம் சக்கரம் சேர்க்காத அளவு. 23 கிலோவுக்கு 25, 26 அங்குலமே தாராளம். ரயிலிலும் பயன்படுத்துவீர்கள் என்றால் அதற்குமேல் போகவே போகாதீர்கள். படுக்கைக்கு அடியில் நுழையாமல் நடைபாதையில் நிற்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் இடித்துக்கொண்டு உங்களை முறைப்பார்கள்.

மூன்று பெட்டி செட்

ஒன்றைத்தான் பயன்படுத்துவீர்கள். அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

கவிழ்த்துப் பார்க்காமல் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். பெட்டியை ஒரு விரலால் தூக்கி, “அட, எடையே இல்லையே!” என்பார்கள். கெட்டியான வெளி ஓட்டைத் தட்டுவார்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். வெறும் பெட்டி, டைல்ஸ் தரை. எந்தச் சக்கரம்தான் ஓடாது? பில் போட்டாகிவிடும். அடிப்பக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

எடை எங்கே குறைந்தது என்று கேட்க வேண்டும். பழைய சூட்கேஸில் கனமான ஓடு, சுற்றிலும் உலோகச் சட்டம், இரும்புப் பூட்டு எல்லாம் இருந்தன. புதியதில் சட்டம் போய் ஜிப் வந்தது. அதிலேயே நிறைய எடை குறைந்துவிட்டது. ஓடு மெலிந்தது, ஆனால் பிளாஸ்டிக் நல்ல பிளாஸ்டிக். இதுவரைக்கும் நியாயம். இதற்கு மேலும் எடையைக் குறைத்து, விலையையும் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்க இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று சக்கரம் உட்காரும் கூடு. இன்னொன்று இழுக்கும் பைப். என் கடைக்கு ஓடு உடைந்து வரும் பெட்டி குறைவு. சக்கரம் பிடுங்கிக்கொண்டதும் பைப் வளைந்ததும்தான் வரிசை கட்டி நிற்கும்.

2008-இல் நான் முதல்முறை ஊருக்கு வந்தபோது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் 69 வெள்ளிக்கு, அதாவது 69 சிங்கப்பூர் டாலருக்கு, பெட்டி வாங்கினேன். நீலம், பளபளவென்று இருக்கும், தக்கை மாதிரி எடை. சிங்கப்பூரில் நான் இருந்த அடுக்குமாடியின் கீழே இருந்து விமான நிலையம் வரை வழுக்கிக்கொண்டு போனது. திருச்சியில் இறங்கி, பஸ் மாறி, துறையூரைத் தாண்டி எங்கள் ஊர் விலக்கில் இறங்கினேன். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர், கப்பி பெயர்ந்த ரோடு. நூறு அடி போயிருக்க மாட்டேன், ‘டக்’ என்றது. சக்கரம் மட்டும் கழன்றிருந்தால் பரவாயில்லை. கூட்டோடு, ஓட்டின் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அடியில் கை நுழைகிற ஓட்டை. அதன் வழியாக மைலோ டின் எட்டிப் பார்த்தது. 69 வெள்ளிக்கு வாங்கிய டிராலியைத் தலையில் சுமந்துகொண்டு ஊருக்குள் நுழைந்தேன். “சிங்கப்பூர்ல இப்ப இப்படித்தான் கொண்டுபோறாங்களா?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

ரிப்பேருக்குக் கொண்டுபோனபோது அந்தப் பெரியவர் பெட்டியைக் கவிழ்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல ஸ்க்ரூவே இல்லையேப்பா. எதைக் கழட்டி எதை மாட்டறது?” என்றார். நான் அவரிடம்தான் பிறகு தொழில் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். இரண்டு நாளில் தோஹா விமானம், முதல் வேலை, கூடவே அம்மா. பெட்டி அச்சு அசலாக என் நீலப் பெட்டிக்குத் தம்பி. கூடு ஓட்டோடு ஓடாக ஒரே வார்ப்பு, சக்கரத்தின் அச்சு மட்டும் தனி. உள்ளே லைனிங் துணியை ஒட்டிவிட்டிருந்தார்கள், ஜிப் கிடையாது. கிழித்துத்தான் உள்ளே பார்த்தேன். என்னிடம் இருக்கிற எந்தச் சக்கரத்தின் துளையும் அதற்குப் பொருந்தவில்லை. உள்ளே ஒரு அலுமினியத் தகடு வைத்து, துளை போட்டு, வேறு சக்கரத்தை நட்டு போல்ட்டில் முடுக்கிக் கொடுத்தேன். “போன மாசந்தானேண்ணே வாங்குனோம், பாதி விலைக்குக் குடுத்தாங்க” என்றார் அந்த அம்மா. ஒரு பயணம் தாங்கும், திரும்பி வரும்போது அங்கேயே வேறு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். ஓட்டில் ஒரு கீறல் இல்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது?

பெட்டியைக் கவிழ்த்துப் போடுங்கள். சக்கரக் கூட்டைச் சுற்றி ஸ்க்ரூ தலை தெரிகிறதா? வெளியே இல்லையென்றால் உள்ளே லைனிங்கின் ஜிப்பைத் திறந்து மூலையில் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூ இருந்தால் நல்லது. சக்கரம் கிடைத்தால் பத்து நிமிட வேலை. ரிவிட் அடித்திருந்தால் மோசமில்லை. துளையிட்டு எடுத்துவிட்டு மாற்றலாம். இரண்டும் இல்லாமல் ஓடும் கூடும் ஒன்றாக வார்த்திருந்தாலோ, லைனிங்கில் ஜிப்பே இல்லாமல் இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பல் ஆடுவதுபோல் ஆடினால் வேண்டாம். பைப்பை முழுக்க இழுத்து ஆட்டுங்கள். இது கொஞ்சம் ஆடும், ஆடத்தான் வேண்டும். இரண்டு பைப்பும் சேர்ந்து ஆடுகின்றனவா, தனித்தனியாகவா என்பதுதான் கேள்வி. ஒன்று முன்னே ஒன்று பின்னே போனால் பிடிப்பு சரியில்லை.

அப்புறம் கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: அங்கே அடுக்கியிருக்கும் பைகளை இதற்குள் திணித்து, வாசலுக்கு வெளியே தார் ரோட்டில் ஒருமுறை இழுத்துப் பார்க்கலாமா? மறுத்தாலும் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்த மாடலுக்குச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வாய் என்ன சொன்னாலும் முகத்தைப் பாருங்கள்.

நாலு சக்கரமா, இரண்டு சக்கரமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். விமான நிலையத் தரையில் நாலு சக்கரம் சுகம், ஒரு விரலில் தள்ளலாம். ஆனால் அது வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பெட்டியை வீசும்போது முதல் அடி அதற்குத்தான். இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பாதி உள்ளடங்கி, அளவிலும் பெரிதாக இருக்கும், ஜல்லியிலும் இழுக்கலாம். உங்கள் பயணம் டைல்ஸில் முடிகிறதா, மண் ரோட்டில் முடிகிறதா என்று யோசித்து வாங்குங்கள். நான் இரண்டு சக்கரக் கட்சி.

‘ஃபைபர்’ என்ற ஒரே சொல்லை நம்புவது

கடையில் கெட்டியான பெட்டி எல்லாமே ஃபைபர்தான். ஏபிஎஸ், பாலிகார்பனேட், பாலிபுரோப்பிலீன் என்று பிளாஸ்டிக் வேறு வேறு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஏபிஎஸ் மலிவு, எடையும் குறைவு, ஆனால் மூலையில் அடி விழுந்தால் விரிசல் விட்டுவிடும். பாலிகார்பனேட் அடி வாங்கினால் உள்ளே போய்த் திரும்ப வரும், விலை கூடுதல். பாலிபுரோப்பிலீன் இவற்றிலேயே லேசானது, வளைந்து கொடுக்கும். பாலிகார்பனேட் என்று ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே ஏபிஎஸ் கலந்து வருவதும் உண்டு. என்னிடம் வரும் ஏபிஎஸ் ஓடுகளில் மடங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், அது விரிசலின் முன்னோட்டம். காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியில் அப்படி ஒரு கோடு தெரிந்தால் போதும், என்ன சரக்கு என்று புரிந்துவிடும்.

துணிப் பெட்டியை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. நல்ல நைலான் துணிப் பெட்டி பல ஃபைபர் பெட்டிகளைவிட லேசு. கிழிந்தால் தைத்துவிடலாம். ஓடு உடைந்தால் யார் தைப்பது?

குட்டிப் பூட்டு

பூட்டைப் பார்க்காதீர்கள், ஜிப்பைப் பாருங்கள். ஒற்றை வரிசை ஜிப்பை ஒரு பேனா முனையால் குத்திப் பிளந்து, பூட்டோடு இருக்கும் ரன்னரை இப்படியும் அப்படியும் இழுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். திறந்த தடமே தெரியாது. இரட்டை வரிசைப் பற்கள் உள்ள ஜிப்பில் அது லேசில் நடக்காது.

கழற்ற முடியாத பேட்டரி வைத்த பெட்டி

வேண்டாம். 2018-லிருந்து பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

பரணில் போட்டு மறப்பது

மூன்று வருடம் பரணில் இருந்த பெட்டியை இறக்குவார்கள். பார்க்கப் புதுசு. நாலடி உருட்டினால் சக்கரத்தின் மேல்தோல் வெல்லப்பாகு மாதிரி தரையில் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது பொடிப்பொடியாக உதிரும். உள்ளே லைனிங்கின் பூச்சும் அப்படியே சட்டையில் ஒட்டும். “எலி கடிச்சிருக்குமாண்ணே?” என்று கேட்பார்கள். எலி பாவம். பல சக்கரங்களின் மேல்பகுதி பாலியூரிதேன் என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக். ஈரக் காற்றும் வெப்பமும் சேர்ந்தால் அது பயன்படுத்தாமலே சிதைந்துபோகும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றிப் பரணில் தள்ளுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். காற்றுப் படும் அறையில் வையுங்கள், பாதி ஜிப்பைத் திறந்து விடுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருட்டுங்கள்.

பாதி விலைப் பெட்டியின் ரகசியமும் சில சமயம் இதுதான். உங்கள் பரணுக்குப் பதில் அவர்கள் குடோனில் அது வருடக்கணக்கில் கிடந்திருக்கும். சக்கரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ தடம் அப்படியே நின்றாலோ வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து உடைசலைப் பார்ப்பது

பெல்ட்டிலிருந்து எடுத்ததும் அங்கேயே கவிழ்த்துப் பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே வரும் முன் விமான நிறுவனக் கவுன்டரில் புகார் எழுதி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். திருவிழா முடிந்து சாவகாசமாக எட்டாம் நாள் என்னிடம் கொண்டுவந்தால், நான் காசு வாங்கிக்கொண்டு ஒட்டித்தான் தரமுடியும்.

வெள்ளைப் பெட்டி

ஒரு பயணம். அவ்வளவுதான் வெள்ளை.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவது

காசு பெரிதாக வராது. பத்திரம், பட்டுப்புடவை வைக்க அதைவிட நல்ல பெட்டி இன்று கிடைக்காது. போன வருடம் ஒருவர் அவர் அப்பாவின் சூட்கேஸை, “நீங்களே வச்சுக்குங்க” என்று விட்டுவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் பூட்டு இன்னும் ‘டக், டக்’ என்று விழுகிறது. அதில்தான் உதிரிச் சக்கரங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். நிறைந்தபின் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், அதை நான் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.