தரங்கம்பாடி போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் புதிய எருசலேம் ஆலயம். ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்கு கட்டியது, 1718-ல் பிரதிஷ்டை ஆனது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரையும் கிரீடமும் இருக்கும்; அண்ணாந்து பாருங்கள்.

முடிந்தால் ஞாயிறு காலை, ஆராதனை நேரத்துக்கே போங்கள். வெறும் கட்டடமாகப் பார்ப்பதற்கும் சபையோடு உட்காருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பலிபீடத்துக்கு முன்னால்தான் சீகன்பால்குவின் கல்லறை. 1706-ல் வந்திறங்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் அவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். 1719-ல் இறந்தபோது வயது 36 தான். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பாட்டு எழும்பியதும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அவர் கற்றுக்கொண்ட மொழியில், அவர் கட்டிய இடத்தில், 300 ஆண்டுகள் கழித்தும் ஜெபம் நடக்கிறதே! நான் கேட்க நினைத்திருந்த வேண்டுதல் எதுவும் அப்போது வாயில் வரவில்லை. ஸ்தோத்திரம் மட்டும்தான் வந்தது.

செல்ஃபோனை அணைத்துவிடுங்கள், படமெல்லாம் ஆராதனை முடிந்தபிறகு, அனுமதி கேட்டு எடுக்கலாம். பின்வரிசையில் உட்கார்ந்தால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. வார நாளில் போய்க் கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மயிலாடுதுறையிலிருந்து பஸ் இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருவது நல்லது.